பட்டம் பெறாத பேராசிரியர்

கல்வியின் பயன் யாது? கற்றதை அளப்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களும் தொன்றுதொட்டு அறிஞர் உள்ளத்தை அலைத்து வருவன. ஆசிரியன் உரைத்ததை முற்றவும் உள்ளங்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே என்பதும், உடன் பயில்வாரோடு அளவளாவுதலால் மற்றொரு காற்பங்கு வருமென்பதும், எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு விரித்துரைத்தாலன்றி வாராதென்பதும் நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் கொள்கை. இக்காலத்துச் சர்வகலாசாலைகளோ மூன்று மணி நேரத்தில் எழுதும் விடைத்தாளைக் கொண்டே முழுக் கல்வியையும் நிறுத்துக் காண்கின்றன. நிறுக்குந் துலாக்கோல் செம்மையானதா, நிறுக்கப்படும் பொருள் கல்விதானா என்று ஆராய்வது மாணவராகிய நமக்கு இன்றியமையாத கடமையாகும்.

இவ்வாராய்ச்சிக்குத் துணையாகப் புதுவை நகரில் நாற்பது ஆண்டு வாழ்ந்து மறைந்த ஒரு பெரியாரின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம். அவரை யோகியாகவும், கவிஞராகவும், தேசபக்தராகவும் உலகம் நன்கறியும். அவர் பதின்மூன்றாண்டு இந்தியாவிலும் அதற்கு முன் பதினான்காண்டு இங்கிலாந்திலும் பரீட்சைகளோடும் கலாசாலைகளோடும் பழகியவர் என்பதைப் பலர் நினைப்பதில்லை. பரீட்சைகளிற் பெரும்பாலும் முதன்மை பெற்றவர், எனினும் பி.ஏ. என்னும் இரண்டெழுத்தைத் தம் பெயர்ப்பின் தாங்காதவர். அவரே அரவிந்த கோஷ் என்னும் ஸ்ரீ அரவிந்தர்.

இளமையும் இங்கிலாந்துக் கல்வியும்

அரவிந்தர் 1872ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணதன கோஷ், மேனாட்டு மருத்துவம் பயின்றவர். தாயார் சுவர்ணலதா, வங்க நாட்டறிஞர் ராஜநாராயண போஸ் அவர்களின் புதல்வி. தம் மக்கள் ஆங்கிலேயரைப் போலவே வளர வேண்டுமென்பது தந்தையார் பேரவா. ஆதலின் ஐந்தாம் வயதிலேயே அரவிந்தர் டார்ஜிலிங்கிலிருந்த லொரெட்டோ கன்னிமாடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். 1879இல் தமையன்மார் இருவருடன் இங்கிலாந்து சென்றார். மான்செஸ்டர் நகரில் டிரூயட் என்னும் பாதிரியார் இல்லத்தில் தங்கி லத்தீன் மொழியைக் கசடறக் கற்றார். 1884இல் லண்டனிலுள்ள செயின்ட் பால் பள்ளியிற் சேர்ந்தார். அப்பள்ளித் தலைவர் சிறுவனுடைய ஆற்றலைக் கண்டு வியந்து தாமே கிரேக்கம் பயிற்றுவித்தார்.

பள்ளியின் கடைசி ஆண்டுகளில் ஒரு புதுமை நிகழ்ந்தது. வகுப்புப் பாடங்கள் அவருக்கு எளியவாய்விட்டன; ஆதலின் அவற்றிற் பொழுதைச் செலவிடாது ஆங்கில இலக்கியம், பிரெஞ்சு இலக்கியம், ஐரோப்பிய வரலாறு ஆகியவற்றைத் தாமே படிக்கலானார். ஆசிரியர்களோ, நல்ல அறிவு படைத்த இப்பிள்ளை சோம்பலாற் கெடுகின்றானே என்று வருந்தினர். பாடத்திட்டத்துக்குப் புறம்பே நிகழும் கற்றல், அதனை அளப்பவர் கண்ணுக்குச் சோம்பலாகத் தோன்றுவதுண்டு என்பதற்கு இது தக்க சான்று.

அந்நாளில் அச்சகோதரர் மூவரும் பட்ட வறுமை பெரிது. தந்தையார் அனுப்பும் பணம் குறைந்து பின்னர் அடியோடு நின்றது. காலையில் ஒன்றிரண்டு ரொட்டித் துண்டும் தேநீரும், மாலையில் ஒரு பென்னிக்கு வாங்கும் இறைச்சித் துண்டும் என ஓராண்டு முழுதும் கழிந்தது. குளிர்காலத்தில் மேலங்கியும் இல்லை. இந்நிலையில் அவரைத் தாங்கியது யாது? பரீட்சையே தாங்கிற்று. 1889 டிசம்பரில் நடைபெற்ற போட்டியில் வென்று, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் ஆண்டொன்றுக்கு 80 பவுன் உதவிச் சம்பளம் பெற்றார். ஆஸ்கார் பிரௌனிங் என்னும் பேராசிரியர், தாம் பார்த்த பதின்மூன்று பரீட்சைகளில் இத்துணைச் சிறந்த விடைத்தாள்களைக் கண்டதில்லையென்று அவரிடமே கூறிப் பாராட்டினார். 1890இல் இந்திய சிவில் சர்வீஸ் போட்டிப் பரீட்சையில் பதினோராமிடம் பெற்றுத் தேறினார். கிரேக்கத்திலும் லத்தீனிலும் அவர் பெற்ற மதிப்பெண்கள் மிக உயர்ந்தவை.

இதனை நாம் மறவாது குறித்துக்கொள்ளல் வேண்டும். பரீட்சையை முற்றும் பழித்துப் பேசுவோர், அது ஏழை மாணவனுக்கு ஏணியாக நிற்பதைக் காண்பதில்லை. குலமும் செல்வமும் பேசும் உலகில், பெயரை மறைத்துத் தாளை மட்டும் பார்க்கும் முறை ஒரு நீதியே. அரவிந்தரும் அவ்வேணியில் ஏறியவரே. அதன் உயரம் எவ்வளவு, அது எங்கே முடிந்துவிடுகிறது என்பதை அவர் கண்டுகொண்டதும் அதன்மேல் ஏறியதனாலேயாம்.

இரு பரீட்சைகளின் கதை

கேம்பிரிட்ஜில் அவர் வாழ்ந்தது இரண்டே ஆண்டு. 1892இல் டிரைபாஸ் என்னும் உயர்தரப் பரீட்சையின் முதற்பகுதியில் முதல் வகுப்பிற் தேறினார். ஆயினும் பட்டம் கிடைக்கவில்லை. காரணம் விந்தையானது: அம்முதற்பகுதியை மூன்றாம் ஆண்டில் எழுதினாற் பட்டமுண்டு, இரண்டாம் ஆண்டில் எழுதினால் நான்காம் ஆண்டில் இரண்டாம் பகுதியையும் எழுதித் தேறவேண்டும். சிவில் சர்வீஸ் மாணவராதலின் அவருக்கு இரண்டாண்டுக்கு மேல் அங்குத் தங்க வழியில்லை. விண்ணப்பஞ் செய்திருந்தாற் பட்டம் கிடைத்திருக்கக்கூடும். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. கற்றவன் ஒருவனே, கற்ற பொருளும் ஒன்றே, எழுதிய ஆண்டு மாறினமையாற் பட்டம் மாறிற்று.

மற்றொரு பரீட்சையின் கதை இதனினும் விந்தையானது. சிவில் சர்வீஸில் எஞ்சிய தேர்வுகளையெல்லாம் கடந்த அவர், குதிரையேற்றத் தேர்வுக்குக் குறித்த நாட்களில் வாராது விடுத்தார். பலமுறை தவணை கொடுத்தும் பயனில்லை. 1892இன் இறுதியில் தகுதியற்றவரென்று நீக்கப்பட்டார். அந்நிய அரசின் ஊழியத்தில் அவருக்கு விருப்பமில்லாமையே உண்மைக் காரணம். கிரேக்கத்தில் முதல்வரைக் குதிரை தள்ளிவிட்டதென்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆயின் அளக்கும் கோலும் அளக்கப்படும் தகுதியும் எவ்வளவு விலகி நிற்கக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி நன்கு காட்டுகின்றது.

அவர் சிவில் சர்வீஸுக்காகத் தம் தாய்மொழியாகிய வங்காளத்தையே பாடமாகக் கற்க வேண்டியிருந்தது. கற்பித்தவர் ஆங்கிலேயப் பண்டிதர் ஒருவர். பங்கிம் சந்திரருடைய நூலிலிருந்து ஒரு பகுதியைக் காட்டிப் பொருள் கேட்டபோது, அது விளங்காமையால், இது வங்காள மொழியே அன்று என்று அவர் கூறிவிட்டாராம். அரவிந்தர் அப்பரீட்சையில் தேறினார். ஆனால் மொழியை உண்மையாகக் கற்றது பின்னர்ப் பரோடாவிலேதான். தேறுதல் வேறு, கற்றல் வேறு என்பதை இளமையிலேயே இவ்வாறு உணர்ந்தார்.

பரோடாக் கல்லூரியில்

லண்டனில் சந்தித்த பரோடா அரசர் சாயாஜிராவ் கெய்க்வாட் தம் அரசியலில் அவருக்குப் பணியளித்தார். 1893 பிப்ரவரியில் அரவிந்தர் தாய்நாடு திரும்பினார். நிலவரித் துறையிலும் அரசாங்கக் காரியாலயத்திலும் சில ஆண்டு உழைத்தபின், பரோடாக் கல்லூரியில் முதலிற் பிரெஞ்சு விரிவுரையாளராகவும், பின்னர் ஆங்கிலப் பேராசிரியராகவும் அமர்ந்தார். கல்லூரித் துணைத்தலைவர் பதவியும், சின்னாள் தலைவர் பொறுப்பும் பின்னர் அவரை வந்தடைந்தன. பின்னாளிற் புகழ்பெற்ற கே. எம். முன்ஷி அக்கல்லூரியில் அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர்.

பரோடாக் கல்லூரி பம்பாய்ச் சர்வகலாசாலையோடு இணைந்தது. அச்சர்வகலாசாலைகளின் இயல்பை நாம் அறிந்தாலன்றி அரவிந்தர் கண்ட குறை விளங்காது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் சர்வகலாசாலைகள் நிறுவப்பட்டன. அவை லண்டன் சர்வகலாசாலையை முன்மாதிரியாகக் கொண்டவை. அஃதாவது, தாம் கற்பியாது, கற்றவரைச் சோதித்துப் பட்டமளிப்பவை. சென்னையின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர்கள். அவர்களுடைய கல்வி அங்கே விளைந்தது. சென்னை அதற்கு முத்திரை இட்டது. முத்திரைக்கு முன்னே சரக்கு இருந்த காலம் அது. நாளடைவில் முத்திரையே சரக்காயிற்று. வேலைக்கும் விவாகத்துக்கும் பட்டமே விலையாக, பட்டத்துக்குப் பரீட்சையும், பரீட்சைக்குக் குறிப்புநூல்களும் வழியாயின. 1902இல் அமர்ந்த சர்வகலாசாலைக் கமிஷனும், பரீட்சை கற்பித்தலுக்கு அடங்கி நில்லாது, கற்பித்தல் பரீட்சைக்கு அடிமையாகிவிட்டதே பெருங்கேடு என்று தன் அறிக்கையிற் கண்டது.

இத்தகைய சூழலில் அரவிந்தர் கற்பித்த முறை எவ்வாறிருந்தது? ஒரு நூலைத் தொடங்குமுன் அதன் பொருளையும் காலத்தையும் விளக்கிச் சில முன்னுரைச் சொற்பொழிவுகள் ஆற்றுவார். பின்னர் மூலத்தைப் படித்து, இடர்ப்பட்ட இடங்களில் மட்டும் நின்று பொருளுரைப்பார். முடிவில் அந்நூலைப் பற்றிய பொதுவாராய்ச்சி நிகழும். மாணவரோ அவர் வாயினின்று விழும் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொண்டு அவ்வாறே மனப்பாடஞ் செய்தனர். இங்கிலாந்தில் இப்படியொன்று நடந்திராது என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்ததுண்டு. ஒருமுறை ராபர்ட் சௌதி இயற்றிய நெல்சன் வரலாற்றைக் கற்பித்துக்கொண்டிருந்தார். தாங்கள் வாங்கிய குறிப்புநூலோடு அவர் கூற்று ஒத்துவரவில்லையென்று மாணவர் முறையிட்டனர். அக்குறிப்புநூலைத் தாம் படித்ததே இல்லையென்றும், அவையெல்லாம் பெரும்பாலும் பயனற்றவை என்றும் அவர் விடையிறுத்தார். அவர் பேசியது நூலைப் படித்துத் தாமே சிந்தித்தது. மாணவர் வேண்டியதோ பரீட்சையில் ஒப்புவிக்கத்தக்கது. இரண்டிற்கும் இடையேயிருந்த பள்ளமே அக்காலக் கல்வியின் பள்ளம்.

மற்றொரு மாணவர், மெக்காலேயைப் படித்தால் தம் ஆங்கில நடை திருந்துமா என்று அவரை வினவினார். எவருக்கும் அடிமையாகாதே யென்றும், எவ்வளவு படித்தாலும் மெக்காலேயின் மங்கிய எதிரொலியாவாயன்றி மெக்காலே ஆகமாட்டாயென்றும், நல்லாசிரியர் நூல்களை ஊன்றிக் கற்று நீயே சிந்தித்து உன் நடையை அமைத்துக்கொள்ள வேண்டுமென்றும் அவர் அறிவுறுத்தினார். கட்டுரையைத் திருத்துங்கால் பிழையெண்ணிக் குறைப்பதைக் காட்டிலும், மாணவன் தன் சொந்தக் கருத்தைக் கூறுகின்றானா என்பதைக் காணும் ஆசிரியர்க்கே இவ்வறிவுரை தோன்றும்.

1899 ஜூலை 22ஆம் நாள் பரோடாக் கல்லூரி மாணவர் கூட்டத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவொன்று அக்கல்லூரிச் சஞ்சிகையிலேயே வெளிவந்தது. நம் போன்ற கல்லூரிச் சஞ்சிகைகளும் நிலைத்த பொருளைத் தாங்கக்கூடும் என்பதற்கு அஃதோர் எடுத்துக்காட்டு. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் மாணவரை உருவாக்குவது வகுப்பறையால் மட்டுமன்று. அங்குள்ள தோழமையாலும், சொற்போர் மன்றங்களாலும், விளையாட்டாலும், பொது வாழ்வாலுமே என்பது அதன் சாரம். கல்லூரியிற் பெறுவது தொடக்கமே. அதன்மேற் கட்டுவது மாணவன் தன் வாழ்நாள் முழுதும் செய்ய வேண்டியது என்பதும் அவர் கருத்து. உடன் பயில்வாரோடு பழகுதலால் வரும் காற்பங்கைப் பவணந்தியார் கண்டதும் இதுவேயன்றோ?

வங்கத்துத் தேசியக் கல்லூரி

1905 அக்டோபரில் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கிளர்ச்சியிற் சேர்ந்த மாணவர் பள்ளிகளினின்றும் விலக்கப்பட்டனர். அரசாங்கக் கல்வியை விடுத்து நாட்டுக்குரிய கல்வியை நாமே நிறுவுவோம் என்னும் எண்ணம் எழுந்தது. 1906 மார்ச்சு மாதத்தில் தேசியக் கல்விச் சங்கம் தோன்றிற்று. சுபோத சந்திர மல்லிக் ஒரு லட்சம் ரூபாய் வழங்கினார். கல்கத்தாச் சர்வகலாசாலையின் முதல் இந்தியத் துணைவேந்தராயிருந்தவரும், 1902ஆம் ஆண்டுக் கமிஷனில் இருந்து தம் மாறுபட்ட கருத்தை எழுதி வைத்தவருமான குருதாஸ் பானர்ஜி போன்ற முதியோரும் இம்முயற்சிக்குத் துணைநின்றனர். 1906 ஆகஸ்டில் வங்கத் தேசியக் கல்லூரி திறக்கப்பெற்றது. பரோடாவில் தாம் பெற்ற சம்பளத்தில் சிறு பங்கையே பெற்றுக்கொண்டு அரவிந்தர் அதன் முதற் தலைவரானார்.

இலக்கியம், விஞ்ஞானம், கைத்தொழில் என்னும் மூன்றையும் இணைத்துக் கற்பிப்பதும், தாய்மொழிக்கு இடமளிப்பதும் அச்சங்கத்தின் நோக்கம். நோக்கம் உயர்ந்ததே. எனினும் நடப்பில் இடர்கள் பல நேர்ந்தன. கல்லூரியின் அன்றாடக் காரியங்களைச் சதீஷ் சந்திர முகர்ஜியே பெரிதும் தாங்கினார். அரவிந்தரின் பொழுதைப் பத்திரிகையும் அரசியலும் கவர்ந்துகொண்டன. அரசாங்கம் அங்கீகரிக்காத கல்லூரியிற் படித்தவனுக்கு வேலை ஏது? பிள்ளையின் எதிர்காலத்தை அஞ்சிய பெற்றோர் மீண்டும் பழைய கல்லூரிகளையே நாடினர். கிளர்ச்சி தணியவே மாணவர் தொகையும் குறைந்தது. நல்ல கல்வியை நிறுவினால் மட்டும் போதாது. அதனை உலகம் நம்பி ஏற்கத்தக்க அளவையொன்றையும் நிறுவல் வேண்டும் என்னும் பாடத்தை அக்கல்லூரியின் வரலாறு புகட்டுகின்றது. ஆயினும் அவ்வித்து வீண்போகவில்லை. அச்சங்கத்தின் தொழிற்கல்விக் கிளை வளர்ந்தோங்கி, 1955இல் யாதவபுரச் சர்வகலாசாலையாக மலர்ந்தது.

1907இல் வந்தே மாதரம் பத்திரிகை வழக்கில் அரவிந்தர் குற்றஞ் சாட்டப்பெற்றார். தம்மாற் கல்லூரிக்கு ஊறு நேரலாகாதென்று தலைமைப் பதவியைத் துறந்தார். விடைபெறுங்கால் மாணவருக்கு அவர் கூறியது, அக்கல்லூரி வெறுஞ் செய்திகளை ஊட்டவோ பிழைப்புக்கு வழிகாட்டவோ மட்டும் எழுந்ததன்று. நாட்டுக்காக உழைக்கும் மக்களை ஆக்கவே எழுந்தது என்பதாம். 1908 மே 2இல் அலிப்பூர் வழக்கிற் சிறைப்பட்டு, ஓராண்டு சென்றபின் 1909 மே 6இல் விடுதலையானார். அவ்வழக்கை விசாரித்த நீதிபதி பீச்கிராஃப்ட், சிவில் சர்வீஸ் பரீட்சையில் கிரேக்க பாடத்தில் அவருக்கு அடுத்த இடம் பெற்றவர் என்பர். முதல்வர் கூண்டிலும் இரண்டாமவர் ஆசனத்திலுமாக அமர்ந்த அக்காட்சி, மதிப்பெண்களின் வரிசை வாழ்க்கையின் வரிசையன்று என்பதை விளக்கப் போதுமானது.

கல்விக் கொள்கை

1910இன் தொடக்கத்தில் தாம் நடத்திய கர்மயோகின் பத்திரிகையில் தேசியக் கல்வி முறையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அவற்றிற் கண்ட மூன்று தத்துவங்கள் பெயர்பெற்றவை. முதலாவது, எதனையும் பிறர் கற்பித்துவிட இயலாது. ஆசிரியர் ஏவலரோ மேலதிகாரியோ அல்லர், வழிகாட்டியும் துணைவருமே. இரண்டாவது, மாணவன் உள்ளத்தை அதன் வளர்ச்சிக்கேற்பக் கலந்தே கற்பித்தல் வேண்டும். பெற்றோரோ ஆசிரியரோ விரும்பிய அச்சில் அதனை வார்க்க முயல்வது கொடுமை. மூன்றாவது, அண்மையிலுள்ளதிலிருந்து சேய்மையிலுள்ளதற்குச் செல்லல் வேண்டும்.

ஒரே நாளிற் பல பாடங்களைத் துணுக்குத் துணுக்காகப் புகட்டுவதை அவர் கண்டித்தார். பழங்காலத்தார் சிலவற்றையே ஆழக் கற்பித்தனர் என்றும், ஆழத்தாலன்றி நினைவாற்றலும் ஆராய்ச்சியும் வளரா என்றும் காட்டினார். உற்றுநோக்கல், ஒப்பிடல், நினைவிற் கொள்ளல், ஆராய்ந்து தெளிதல் ஆகிய ஆற்றல்களைப் பயிற்றுவதே கல்வி. செய்திகள் அவ்வாற்றல்களுக்கு உணவு மாத்திரமே. தாய்மொழியே கல்விக்குரிய வாயில் என்பதும் அவர் துணிபு. இவை சிறுவர் கல்வியை நோக்கி எழுதப்பெற்றவை யாயினும், பட்டப் படிப்புக்கும் பொருந்துமென்பது வெளிப்படை. கற்பித்தற் பொருள் ஆற்றல் எனின், அளக்கவேண்டியதும் ஆற்றலே. நினைவில் நின்ற செய்திகளை மட்டும் எண்ணுவது, பானையிலுள்ள அரிசியை அளந்துவிட்டுச் சமையல் தெரியுமென்று சான்றிதழ் வழங்குவதை யொக்கும்.

புதுவை வாழ்வு

1910 ஏப்ரல் 4ஆம் நாள் துப்ளெக்ஸ் என்னும் கப்பலில் அரவிந்தர் புதுவைத் துறையில் வந்திறங்கினார். கோமுட்டிச் செட்டித் தெருவிலிருந்த கலவை சங்கரச் செட்டியார் இல்லத்தின் மாடியில் சில திங்கள் மறைந்து வாழ்ந்தார். பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட அவ்வூர் ஆங்கில அரசின் கைக்கு எட்டாத புகலிடமாயிருந்தது. சுப்பிரமணிய பாரதியார் 1908 முதலே அங்கிருந்தார், வ. வே. சு. ஐயர் 1910இல் வந்து சேர்ந்தார். பாரதியார் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியிற் சில மாதம் தமிழாசிரியராயிருந்தவர், பட்டம் பெற்றவரல்லர். ஐயரோ லண்டனிற் பாரிஸ்டர் கல்வியை முடித்தும், அரச விசுவாசப் பிரமாணஞ் செய்ய மறுத்து அப்பட்டத்தை இழந்தவர். இம்மூவரும் கூடி வேதமும் காவியமும் ஆராய்ந்த புதுவை வீடுகள், அந்நாளில் ஒரு சர்வகலாசாலைக்கு ஒப்பாயிருந்தன என்றால் மிகையாகாது.

அவ்வீட்டிலேயே அரவிந்தர் தம் கற்பித்தல் முறையை இடையூறின்றிக் கையாண்டார். கல்கத்தாவில் பட்டப் படிப்பை இடையில் விட்டு அவருடன் வந்து வாழ்ந்த நளினி காந்த குப்தர் என்னும் இளைஞருக்கு மொழிகள் பயிற்றினார். இலக்கணத்தில் தொடங்கவில்லை, எளிய வாசகநூலிலும் தொடங்கவில்லை. பிரெஞ்சு மோலியேரின் நாடகத்திலும், கிரேக்கம் யூரிபிடீஸ் இயற்றிய மெடியாவிலும், லத்தீன் வர்ஜிலின் பெருங்காப்பியத்திலும், இத்தாலியம் தாந்தேயிலும் நேரே தொடங்கின. மூலத்தின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள சொல்லும் வேற்றுமையும் வினைவிகற்பமும் ஆங்காங்கே விளக்கப்பெற்றன; இலக்கணம் நூலின் உள்ளிருந்தே வெளிப்பட்டது. அங்குப் பரீட்சை இல்லை. ஆனால் அளவை இருந்தது. மாணவன் அடுத்த வரியைத் தானே பொருள் கொள்கின்றானா என்பதே அவ்வளவை. அதனினும் நேர்மையான சோதனை வேறு யாதுளது? அக்காலத்தில் அவ்வில்லத்தார் செல்வரல்லர். வறுமையினூடே சிறு தொகை ஒதுக்கி நூல்கள் வாங்கினர். பட்டத்தை விட்டு வந்த அவ்விளைஞர் பின்னாளில் பன்மொழியறிஞராகவும் நூலாசிரியராகவும் விளங்கினார்.

1914 ஆகஸ்டு 15 முதல் 1921 ஜனவரி வரை வெளிவந்த ஆரியா என்னும் திங்களிதழை அரவிந்தர் புதுவையிலிருந்தே நடத்தினார். அதன் இறுதி இதழ்களில் தேசியக் கல்வியைப் பற்றி மீண்டும் எழுதினார். பழமைக்கே திரும்பிச் செல்வது தேசியக் கல்வியன்று. மேனாட்டுப் பாடத்தின்மேல் இந்தியச் சாயம் பூசுவதும் அன்று. இந்நாட்டு மாந்தனின் உள்ளமும் வாழ்வும் முழுமை பெற உதவுவதே அது என்று விளக்கினார். பிறர் தேசியக் கல்வியின் பெயரால் உரைத்த எளிய விடைகளை அவர் ஏற்றுக்கொள்ளாது ஆராய்ந்தமை கருதத்தக்கது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பல குடும்பங்கள் புதுவை ஆசிரமத்தை யடைந்தன. அவர்தம் குழந்தைகளுக்காக 1943 டிசம்பர் 2ஆம் நாள் ஏறத்தாழ இருபது மாணவருடன் ஒரு பள்ளி தொடங்கிற்று. ஆசிரமத்தார் அன்னை என்றழைக்கும் அம்மையார் அதனை நடத்தினார். 1950 டிசம்பர் 5ஆம் நாள் அரவிந்தர் மறைந்தார். அவர் நினைவாக 1952 ஜனவரியில் சர்வதேசச் சர்வகலாசாலை மையம் தொடங்கப்பெற்று, 1959இல் சர்வதேசக் கல்வி மையம் என்று பெயர் மாறிற்று. அங்கு உயர்கல்வி முடித்தோர்க்குப் பட்டமும் சான்றிதழும் வழங்குவதில்லை என்பது கொள்கை. பட்டம் பெறாத பேராசிரியரின் நினைவாலயம் பட்டமளியாத கல்விக்கூடமாகவே அமைந்தது பொருத்தமே. அதே நகரின் புறத்தே காலாப்பட்டில், 1985இல் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்ற புதுவைச் சர்வகலாசாலை பட்டங்களை அளித்து வருகின்றது. இரண்டும் ஓரூரில் நின்று நம்மைச் சிந்திக்கத் தூண்டுகின்றன.

சர்வகலாசாலையின் மரியாதை

அவர் மறைவதற்கு இரண்டாண்டுக்கு முன் ஒரு நிகழ்ச்சி நடந்தது. 1948 டிசம்பரில் ஆந்திரச் சர்வகலாசாலை தன் பட்டமளிப்பு விழாவில் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி பெயராலமைந்த தேசியப் பரிசை அரவிந்தருக்கு வழங்கிற்று. அந்நாள் துணைவேந்தரான ராமலிங்க ரெட்டியார் சென்னைக் கிறிஸ்தவ கல்லூரியிற் பயின்றவர். பரோடாக் கல்லூரியில் அரவிந்தர் வகித்த துணைத்தலைவர் பதவியில் அவருக்குப்பின் அமர்ந்தவர். அரவிந்தர் புதுவையை விட்டு நீங்குவதில்லையாதலின் செய்தி மட்டும் அனுப்பினார். நூற்றுக்கணக்கானோர் பட்டம் பெறும் மன்றத்தில் பட்டமில்லாத ஒருவரை முதன்மையாகப் போற்றிய அவ்விழா, பட்டங்களின் மதிப்பைக் குறைத்ததாக நாம் கருதவில்லை. எதனைப் போற்றுதற்குப் பட்டம் ஏற்பட்டதோ அதனையே நினைவூட்டியதாகக் கருதுகின்றோம்.

நாம் கொள்ளத்தக்கன

அரவிந்தரின் வரலாற்றைப் படித்துப் பரீட்சையை ஒழித்துவிடலாமென்று மகிழ்வோர் அதனைப் பிறழ உணர்ந்தவராவர். அவர் பரீட்சைக்கு அஞ்சி அதனைப் பழித்தவரல்லர். வென்றபின் அதன் எல்லையைக் கண்டவர். தேசியக் கல்லூரியின் தளர்ச்சியும், அளவையில்லாத கல்வி பொதுமக்கள் நம்பிக்கையைப் பெறல் அரிதென்று காட்டுகின்றது. ஆசிரமக் கல்வி மையத்தைப் போலப் பட்டமின்றி மாணவரை வெளியனுப்ப எல்லாக் கல்லூரிகளாலும் இயலாது; உழவன் மகனுக்கும் நெசவாளன் மகளுக்கும் பட்டம் இன்றும் ஏணியே. ஆதலின் வேண்டுவது பரீட்சையை ஒழித்தலன்று. கற்றலைத் தொடர்ந்து கண்டு, கண்டதைக் கொண்டு கற்பித்தலைத் திருத்துவதே.

1948இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமர்ந்த சர்வகலாசாலைக் கமிஷனும், சர்வகலாசாலைக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் சொல்ல நேரின் அது பரீட்சைச் சீர்திருத்தமாகவே இருக்குமென்று கருதிற்று. 1978 முதல் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் சில தன்னாட்சி பெற்றுத் தம் மாணவரைத் தாமே சோதிக்கலாயின. ஆண்டின் நடுவிலும் மதிப்பிடும் வழக்கம் பரவிற்று. இது நல்லதே. ஆயினும் ஆண்டுக்கொருமுறை செய்த மனப்பாடத்தைத் திங்கள்தோறும் செய்வதாக அது முடியுமாயின், பெற்றதென்ன? திருத்திய தாள் மாணவன் கைக்குத் திரும்பி வந்து, எங்கே தவறினேன், இனி யாது செய்வேன் என்று அவனை எண்ணச் செய்தாலன்றி, மதிப்பிடுதல் என்னும் பெயர் அதற்குப் பொருந்தாது. வகுப்பிற் பாதிப்பேர் ஒரே வினாவில் தவறுவராயின், அது மாணவர்க்கு விழுந்த மதிப்பெண் மட்டுமன்று. கற்பித்த முறைக்கும் விழுந்ததே என்பதை ஆசிரியரும் உணர்தல் வேண்டும்.

மாணவத் தோழர்களே! ஆசிரியரும் ஆளுங்கணமும் செய்யவேண்டியன பல. நாம் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. குறிப்புநூலை மூடி வைத்து மூலநூலைத் திறப்போம். எழுதிக்கொண்டதை ஒப்புவிக்குமுன், அதனை நம் சொல்லில் நம் தோழனுக்கு விளங்கவைக்க இயலுகின்றதா என்று சோதிப்போம். இயலுமாயின் பவணந்தியார் கூறிய அரைப்பங்கும் நமதாம். அங்ஙனங் கற்றார்க்கு மதிப்பெண் வரும்; வாராதொழியினும் கற்றது நிற்கும்.